டைல்ஸ் இடுக்குக்கு எந்தக் கலர்? மண்ணைக் கேளுங்க



போன தடவை மல்லாட்டை விலையைப் பத்திப் பொலம்பினேன். இந்தத் தடவை கொல்லையை விட்டு வீட்டுக்குள்ள வந்துட்டேன். தரையைப் பத்திப் பேசப் போறேன். அதுலயும் டைல்ஸைப் பத்தி இல்லீங்க, ரெண்டு டைல்ஸுக்கு நடுவுல விடற இடுக்கைப் பத்தி. அதுல அடைக்கற மாவுக்கு என்ன கலர் போடறதுங்கறதைப் பத்தி.

"இதுக்கெல்லாம் ஒரு பதிவா"ன்னு நீங்க சிரிக்கறது எனக்குக் கேக்குது. நானும் ஏழு வருஷம் முன்னாடி அப்படித்தான் சிரிச்சேன். பாத்ரூம்ல டைல்ஸ் ஒட்டின மேஸ்திரி "ஜாயின்ட்டுக்கு என்ன கலர்ணா போடறது?"ன்னு கேட்டாரு. "இதுல என்னப்பா கலரு, ஒயிட் சிமெண்ட்டைப் போட்டு அடைச்சுட்டுப் போ"ன்னு சொல்லிட்டு நான் கழனிக்குத் தண்ணி பாய்ச்சப் போயிட்டேன். அந்த ஒரு வார்த்தைக்கு எங்கம்மா ஒரு ராத்திரி பூரா ஆஸ்பத்திரியில ஆக்சிஜன் வச்சுட்டுப் படுத்திருந்தாங்க. அதை அப்புறம் சொல்றேன்.

எங்க பக்கம் தெரியாதவங்களுக்கு: திருவண்ணாமலையிலருந்து செஞ்சி போற ரோட்ல வந்தா கீழ்பென்னாத்தூர். அங்கிருந்து மெயின் ரோட்டை விட்டு உள்ள வரணும் எங்க ஊருக்கு. ஏரிக்குக் கீழ கொஞ்சம் நெல்லு, மேட்டுல மல்லாட்டை. மேட்டு நிலம் முழுக்க செம்மண். மழை வந்தா கால்ல அப்பிக்கும், வெயில் வந்தா தூசியாப் பறக்கும். எங்க ஊர்ல வெள்ளை வேட்டி எல்லாமே மூணாவது தடவை துவைக்கும்போது வெள்ளையா இருக்காது. இந்த மண்ணுக்கு நடுவுலதான் நான் வெள்ளை இடுக்கு வச்சேன்.

இப்போ இந்த வருஷம் ஹாலுக்கு டைல்ஸ் போடலாம்னு முடிவாச்சு. அப்பா 1986-ல போட்ட காவித் தரை பல இடத்துல வெடிச்சுப் பெயர்ந்து போச்சு. சென்னையில இருக்கற தம்பி, "டைல்ஸ் செலவு என்னுது, கூலி உன்னுது"ன்னு சொன்னான். நல்ல மனசு. ஐவரி கலர்ல, ரெண்டடிக்கு ரெண்டடி டைல்ஸ் அவனே பாத்து எடுத்தான். பெட்டியில மோர்பின்னு போட்டிருந்துச்சு. இந்தியாவுல விக்கற டைல்ஸ்ல பெரும்பகுதி குஜராத்துல இருக்கற அந்த ஒரு ஊர்ப் பக்கத்துலருந்துதான் வருது. எங்க ஊரு வீடும் மதுரை வீடும் தரையில மட்டும் ஒரே மாதிரி ஆயிட்டு வர்றதுக்கு அதுதான் காரணம்.

டைல்ஸ் வந்து இறங்கின அன்னிக்கே ஃபோன்ல ஒரு ஃபோட்டோ அனுப்பினான். "அண்ணா, ஜாயின்ட்டும் ஐவரியிலயே போடச் சொல்லு. அப்பதான் ஒரே தரை மாதிரி தெரியும். இந்த ஃபோட்டோவைப் பாரு."

என் வீட்டுக்காரம்மா எட்டிப் பாத்தாங்க. "நல்லாத்தான் கீது. ஆனா இந்த ஃபோட்டோவுல ஒரு ஆள்கூட நடக்கலியே"ன்னாங்க.

அங்க ஆரம்பிச்சுது பேச்சு. ரெண்டு வாரம் நடந்துச்சு.

முதல்ல கணக்கைச் சொல்றேன். எங்க ஹால் 12 அடிக்கு 16 அடி. மொத்தம் 192 சதுர அடி. ரெண்டடி டைல்ஸ் 48. நீளவாக்குல அஞ்சு கோடு, ஒவ்வொண்ணும் 16 அடி. குறுக்க ஏழு கோடு, ஒவ்வொண்ணும் 12 அடி. கூட்டினா 164 அடி. இதுவே ஓரடி டைல்ஸா இருந்திருந்தா 356 அடி. இடுக்கு அகலம் மூணு மில்லிமீட்டர். அந்த 164 அடிக் கோட்டையும் ஒண்ணா சேத்து விரிச்சா ஒன்றரை சதுர அடிக்குக் கொஞ்சம் கூட வரும், அவ்ளோதான். ஒரு முறம் அளவு. நூத்துல ஒரு பங்குகூட இல்ல.

ஆனா தரை தொடைக்கறவங்களைக் கேட்டுப் பாருங்க. டைல்ஸ் மேல மாப்பை ரெண்டு இழுப்பு இழுத்தா போதும், வழவழன்னு ஆயிடும். மிச்ச நேரம், மிச்ச முதுகுவலி, மிச்ச முட்டிவலி எல்லாம் அந்த ஒரு முற அளவு இடத்துக்குத்தான். பழைய பல்லு தேய்க்கற பிரஷ்ஷை எடுத்துக்கிட்டு மண்டி போட்டு, கோடு கோடா 164 அடி தேய்க்கணும். வயல்ல களை எடுக்கற மாதிரிதான், ஆனா இதுல கூலி கிடையாது.

"அப்படின்னா இடுக்கே இல்லாம ஒட்டிடலாமே"ன்னு நீங்க கேக்கலாம். கடையில அப்படிச் சொல்லி விக்கறவங்களும் உண்டு. எங்க சொந்தக்காரர் வீட்ல அப்படி ஒட்டினாங்க. ரெண்டாவது வருஷம் அக்னி நட்சத்திரத்துல ஒரு மத்தியானம் பட்டாசு வெடிச்ச மாதிரி சத்தம். போய்ப் பாத்தா நடு ஹால்ல நாலு டைல்ஸ் கூடாரம் மாதிரி தூக்கிக்கிட்டு நிக்குது. வெயில்ல எல்லாமே கொஞ்சம் விரியும். அடியில இருக்கற காங்கிரீட் தன் பங்குக்குக் கொஞ்சம் நகரும். போக எடம் இல்லன்னா மேல எழும்பத்தான் செய்யும். வரப்பு இல்லாத வயல் மாதிரிதான் இதுவும், ஒரு மழைக்குத் தாங்காது. அதனால ரெண்டு மூணு மில்லிமீட்டர் இடுக்கு விட்டே ஆகணும். மேஸ்திரிங்க வைக்கற அந்தச் சின்ன பிளாஸ்டிக் பிளஸ் குறி அதுக்குத்தான். சுவர் ஓரத்துலயும் கொஞ்சம் எடம் விடச் சொல்லுங்க.

இடுக்குன்னு ஒண்ணு இருந்தா அதை எதையாவது வச்சு அடைக்கணும். அடைச்சா அதுக்கு ஒரு கலர் இருக்கும். இந்தக் கேள்வி எங்க ஆயாவுக்கு வரல. அவங்க தரை சாணம் மெழுகின தரை. அதுல இடுக்கே கிடையாது. வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை மெழுகினா புதுத் தரை. எங்கப்பா தரைக்கும் வரல. சிமெண்ட்டோட காவிப் பொடி கலந்து இழைச்ச தரை அது. ஈரம் காயறதுக்குள்ள நூல் பிடிச்சு அழுத்திக் கட்டம் கட்டமா கோடு போட்டிருந்தாங்க. கோடும் காவி, கட்டமும் காவி, கால்ல வர்ற மண்ணும் காவி. செட்டிநாட்டு ஆத்தங்குடி கல்லும் ஏறக்குறைய இப்படித்தான். கண்ணாடி மேல சிமெண்ட் கலரை ஊத்திக் கையால செய்யறது, சூளையில சுடறதில்ல, நெருக்கி ஒட்டறது. கல்லும் சிமெண்ட், நடுவுல இருக்கறதும் சிமெண்ட். ரெண்டும் ஒரே மாதிரி பழசாகும்.

இப்போ வர்ற டைல்ஸ் அப்படி இல்ல. டைல்ஸ் மேல கண்ணாடி மாதிரி பூச்சு. தண்ணி உள்ள எறங்காது, பத்து வருஷம் ஆனாலும் அப்படியே இருக்கும். ஆனா இடுக்குல போடற சிமெண்ட் மாவு அப்படிக் கிடையாது. கலக்கும்போது ஊத்தின தண்ணி காஞ்சு போன எடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத ஓட்டையா நிக்கும். செம்மண் கலந்த தண்ணி அதுக்குள்ள எறங்கினா வெளிய வராது. பழசே ஆகாத ஒண்ணையும் சீக்கிரம் பழசாகற ஒண்ணையும் பக்கத்துல பக்கத்துல வச்சுட்டோம். எல்லா வம்பும் அங்கதான்.

இதுல நான் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும். சாதாரண சிமெண்ட் ஏன் சாம்பல் கலர்ல இருக்கு? அதுல இருக்கற இரும்புதான் முக்கியக் காரணம். 1824-ல இங்கிலாந்துல ஜோசப் ஆஸ்ப்டின்னு ஒரு கொத்தனார் போர்ட்லேண்ட் சிமெண்ட்டுக்குக் காப்புரிமை வாங்கினாரு, இன்னிக்கு நாம வாங்கற மூட்டையிலயும் அதே பேர்தான். அந்தச் சிமெண்ட்டை வெள்ளையாக்கணும்னா இரும்பு ரொம்பக் கம்மியா இருக்கற சுண்ணாம்புக்கல்லும் வெள்ளைக் களிமண்ணும் தேடிப் பிடிச்சுச் சுடணும். அதுதான் ஒயிட் சிமெண்ட். சரி, எங்க செம்மண் ஏன் செவப்பா இருக்கு? அதுவும் இரும்புதான். இரும்புத் துருவோட செவப்பு. அப்பா தரையில கலந்த காவிப் பொடியும் இரும்பு ஆக்சைடுதான்.

ஆக நான் பாத்ரூம்ல என்ன பண்ணியிருக்கேன்னா, எங்கயோ ஒரு ஃபேக்டரியில பாடுபட்டு இரும்பை ஒதுக்கிச் செஞ்ச ஒரு மாவை வாங்கியாந்து, இரும்பு மண்ணை மிதிச்சுட்டு வர்ற காலுக்கு அடியில பரப்பியிருக்கேன். ரெண்டு மாசத்துல டீ கலர். ஆறு மாசத்துல செங்கல் கலர். அதுவும் ஒரே மாதிரி இல்ல. வாசல் பக்கம் அதிகம், மூலையில கம்மி, திட்டுத் திட்டா.

எங்கம்மாவுக்கு அது பொறுக்கல. அவங்க காலத்து ஆளுங்களுக்கு வீடு அழுக்கா இருக்குன்னு ஒருத்தர் சொல்லிடக் கூடாது. தீபத்துக்குச் சொந்தக்காரங்க வர்றாங்கன்னு, கடையில பாட்டில்ல விக்கற பாத்ரூம் ஆசிட்டை ஊத்தித் தேய்ச்சாங்க. முதல் தடவை பளிச்சுன்னு ஆச்சு. "பாத்தியா, எப்படிப் போச்சு"ன்னு என்கிட்ட காட்டினாங்க. போனது அழுக்கு இல்ல, சிமெண்ட். ஆசிட் சிமெண்ட்டைக் கரைக்கும். மேல் தோலை உரிச்சுட்டு உள்ள இருக்கற வெள்ளையைக் காட்டும். உரிஞ்ச எடம் முன்னைவிட சொரசொரப்பா, முன்னைவிட ஓட்டையா இருக்கும். அடுத்த தடவை அழுக்கு இன்னும் சீக்கிரம் புடிக்கும், இன்னும் ஆழமாப் போகும். அப்ப இன்னும் ஆசிட் வேணும். சாராயம் மாதிரி ஒரு பழக்கம் அது.

அப்படி ஒரு நாள் ஆசிட் ஊத்தியும் போகலன்னு, பஞ்சாயத்துல குடுத்த பிளீச்சிங் பவுடரையும் அது மேலயே தூவிட்டாங்க. சின்ன பாத்ரூம், ஒரே ஒரு ஜன்னல், கதவும் சாத்தியிருந்துச்சு. இருமல் சத்தம் கேட்டு என் வீட்டுக்காரம்மா ஓடிப்போய் இழுத்துட்டு வந்தாங்க. கண்ணு செவந்து, மூச்சு விட முடியாம, பேச்சு வராம உக்காந்துட்டாங்க. வண்டி புடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஒரு ராத்திரி வச்சிருந்து அனுப்பினாங்க. டாக்டர்தான் சொன்னாரு, ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேந்தா குளோரின் வாயு வரும்னு. அப்புறம் தேடிப் படிச்சேன். முதல் உலகப் போர்ல, 1915 ஏப்ரல் 22-ம் தேதி, பெல்ஜியத்துல ஈப்பர் ஊர்ப் பக்கம் ஜெர்மன்காரங்க சிலிண்டர் சிலிண்டரா திறந்துவிட்டது இதே வாயுவைத்தான். அதை எங்கம்மா பாத்ரூம்ல தனியா உக்காந்து சுவாசிச்சிருக்காங்க. எதுக்கு? நான் யோசிக்காம சொன்ன ஒரு கலருக்கு.

இதைப் படிக்கறவங்க வேற எதை மறந்தாலும் பரவால்ல, இதை மட்டும் வீட்ல சொல்லிடுங்க: ஆசிட்டையும் பிளீச்சிங்கையும் எந்தக் காரணத்துக்கும் ஒண்ணா போடாதீங்க. ஒண்ணு போட்டுக் கழுவின எடத்துல உடனே இன்னொண்ணையும் போடாதீங்க.

அதனால இந்தத் தடவை ஹாலுக்குக் கலரை நான் சொல்லல, தம்பியும் சொல்லல. நம்ம தொழில்ல புது ரக விதை வந்தா என்ன செய்வோம்? முழு நிலத்துலயும் போட மாட்டோம். ஒரு மூலையில நாலு பாத்தி போட்டுப் பாப்போம். அதே மாதிரி ஓரம் உடைஞ்ச டைல்ஸ் கொஞ்சம் கெடந்துச்சு. அதைத் துண்டு துண்டா ஒரு பழைய பலகை மேல ஒட்டி, நாலு இடுக்கு விட்டு, நாலு கலர்ல அடைச்சேன். ஒண்ணு தம்பி கேட்ட ஐவரி. ஒண்ணு கறுப்பு, இப்ப அதுவும் ஃபேஷனாம். ஒண்ணு சிமெண்ட் சாம்பல். இன்னொண்ணு சாம்பலும் காவியும் கலந்த மாதிரி ஒரு மங்கின மண்ணு கலர். கிலோ பாக்கெட் நூறு ரூபாய் சுத்துவட்டாரம்தான். ஒரு நாள் காயவிட்டு, பலகையைக் கொண்டுபோய் வாசப்படிக்கு உள்பக்கம் போட்டுட்டேன்.

அப்ப மானாவாரி மல்லாட்டை புடுங்கற நேரம். கொல்லையில காய் ஆஞ்சுட்டு வர்றவங்க, தண்ணி கேட்டு வர்றவங்க, மாட்டுக்குத் தீனி போட்டுட்டு வர்ற நானு, எல்லார் காலும் அது மேலதான். தினம் சாயங்காலம் என் வீட்டுக்காரம்மா சாதாரண போர்த் தண்ணியில ஒரு தடவை தொடைப்பாங்க. பிரஷ் கூடாது, சோப்பு கூடாது. இருபது நாள் விட்டோம்.

ஐவரி ஒரே வாரத்துல தோத்துடுச்சு. எதிர்பாத்ததுதான். கறுப்புதான் ஆச்சரியம். எங்க போர்த் தண்ணி உப்பு. தொடைச்ச தண்ணி காய்ஞ்ச எடத்துல வெள்ளை பூக்கும். கறுப்புக் கோட்டு மேல அது விபூதி பூசின மாதிரி தெரிஞ்சுது. அதோட சிமெண்ட்டுக்குள்ள இருக்கற சுண்ணாம்பும் ஈரத்தோட மேல வந்து காத்து பட்டு வெள்ளையாகும். கலர் எவ்ளோ கறுப்போ அவ்ளோ பளிச்சுன்னு அது தெரியும். அழுக்கை மறைக்கணும்னா கறுப்பு போடுன்னு சொல்றவங்க உப்புத் தண்ணி ஊர்ல இருந்ததில்ல போல.

சாம்பல் பரவால்ல, லேசா பழுப்பு ஏறியிருந்துச்சு. மண்ணு கலர் முதல் நாள் எப்படி இருந்துச்சோ ஏறக்குறைய அப்படியே இருந்துச்சு. மண்ணு வந்தாலும் மண்ணு கலர், உப்பு பூத்தாலும் அவ்ளோவா தெரியல.

பலகையை ஃபோட்டோ எடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன். அவன் லேசுப்பட்ட ஆள் இல்ல, மூணு கேள்வி கேட்டான். மூணுமே நியாயமான கேள்விங்க.

முதல் கேள்வி: "எபாக்ஸி போட்டா அழுக்கே புடிக்காதாமே, வெள்ளையிலயே போடலாமே?" எபாக்ஸிங்கறது சிமெண்ட் இல்ல. ரெண்டு பிசினைக் கலந்து அதோட பொடியைச் சேக்கறது. தண்ணி உறிஞ்சாது, அது உண்மை. ஆனா விலை பல மடங்கு. கை தேர்ந்த ஆள் வேணும். சீக்கிரம் இறுகிடும், டைல்ஸ் மேல பட்டதை உடனே தொடைக்கலன்னா படலமா ஒட்டிக்கும். முக்கியமா, உள்ள எறங்காதே தவிர மேல உக்காரும். இடுக்கு டைல்ஸைவிட ஒரு மயிரிழை பள்ளமாத்தான் இருக்கும், மண்ணு அங்கதான் போய் நிக்கும். வெள்ளையில அது தெரியத்தான் செய்யும். அதோட வெளிர் கலர் எபாக்ஸி வெயில் பட்டுக்கிட்டே இருந்தா மஞ்சளாகும். எங்க ஹாலுக்கு வாசல் கெழக்க, காலையில வெயில் பாதி ஹால் வரைக்கும் வரும். அதனால எபாக்ஸி நல்ல பொருள்தான், ஆனா கலர்ங்கற கேள்விக்கு அது பதில் இல்ல.

ரெண்டாவது: "பெரிய வெள்ளைத் தரையில பழுப்புக் கோடு கட்டம் கட்டமா தெரியாதா? அசிங்கமா இருக்காதா?" தெரியும். முதல் நாள் நிச்சயமா தெரியும். வெள்ளை இடுக்கு போட்டா முதல் நாள் தெரியாது, அறுபதாவது நாள் தெரியும், அதுவும் திட்டுத் திட்டா. ஒரே சீரா இருக்கற பழுப்புக் கோடு கட்டம் போட்ட துணி மாதிரி, கண்ணு பழகிடும். வாசல்கிட்ட செவப்பு, சோஃபா அடியில வெள்ளைன்னு இருக்கற கோட்டுக்குக் கண்ணு பழகவே பழகாது. எப்படியும் எங்க வீட்டுக் கோடு பழுப்பாகத்தான் போகுது. நாமளே முதல் நாள்லருந்து பழுப்பா வச்சுட்டா சண்டை இல்ல.

மூணாவது கேள்விதான் என்னைக் கொஞ்சம் யோசிக்க வச்சுது. "அழுக்கை மறைக்கறதுக்குப் பேரு சுத்தமாண்ணா?"

இதுக்கு என் பதில்: எல்லா அழுக்கும் ஒண்ணு இல்ல. கொல்லையிலருந்து கால்ல வர்ற மண்ணு எங்களுக்குச் சோறு போடற மண்ணு. அதைப் பெருக்கணும், தொடைக்கணும், அதோட சரி. அது விட்டுட்டுப் போற கறையைச் சுரண்டறதால யாருக்கும் ஆரோக்கியம் கூடப் போறதில்ல. ஆனா பாத்ரூம் மூலையில வர்ற கறுப்புப் பூஞ்சை வேற. சமையல்கட்டு தொட்டி ஓரத்துல ஊறிப்போன எண்ணெயும் பாலும் வேற. அது கண்ணுக்குத் தெரியணும், தெரிஞ்சு உடனே போகணும். அதனால அங்க மண்ணு கலர் போடச் சொல்ல மாட்டேன். பாத்ரூம்ல அந்தப் பழைய வெள்ளை இடுக்கை மேஸ்திரி பிளேடு வச்சுச் சுரண்டி எடுத்துட்டு, வெளிர் சாம்பல்ல எபாக்ஸி அடைச்சுக் குடுத்தாரு. பூஞ்சை வந்தா தெரியும், உள்ள எறங்காது, சோப்புத் தண்ணிக்கே போயிடும். ஆசிட் பாட்டில் எங்க வீட்ல இப்ப இல்ல. காசு செலவழிக்கறதா இருந்தா ஹாலைவிட அங்கதான் செலவழிக்கணும்.

ஹாலுக்கு மண்ணு கலர் சிமெண்ட் மாவு. மொத்தமே ரெண்டு மூணு கிலோதான் ஆச்சு. செலவு முந்நூறு ரூபாய்க்குள்ள. டைல்ஸுக்கும் கூலிக்கும் போன காசுல இது ஒரு தூசு. ஆனா அடுத்த இருபது வருஷத்துக்கு ஒருத்தங்க முட்டி என்ன ஆகும்ங்கறதை இந்த முந்நூறு ரூபாய்தான் முடிவு பண்ணுது.

உங்கள்ல நிறைய பேரு சென்னை, பெங்களூர்ல இருந்துக்கிட்டு ஊர்ல அப்பா அம்மாவுக்கு வீடு கட்டறீங்க, பழைய வீட்டைப் புதுசாக்கறீங்க. ரொம்ப நல்ல காரியம். ஆனா டைல்ஸ் கடையில நின்னுக்கிட்டு, ஏசியில, டியூப் லைட் வெளிச்சத்துல, அட்டையில ஒட்டின விரல் நீளக் குச்சியைப் பாத்துக் கலர் சொல்றீங்க. அந்தக் குச்சி மேல யாரும் நடந்ததில்ல. பணம் குடுக்கறவங்க கலர் சொல்றது வழக்கமாப் போச்சு. தொடைக்கறவங்க சொல்லட்டும்ங்கறதுதான் என் கட்சி. ஊர்ல இருக்கற அம்மாவையோ அண்ணியையோ ஒரு வார்த்தை கேளுங்க. "உங்க இஷ்டம்ப்பா"ன்னுதான் முதல்ல சொல்வாங்க. விடாதீங்க, ரெண்டாவது தடவை கேளுங்க.

செய்யறதுக்கு முன்னாடி சில விஷயம். மாவு ஈரமா இருக்கும்போது கலர் கூடுதலா தெரியும், காஞ்சா வெளுக்கும். அதனால உடைஞ்ச டைல்ஸ்ல அடைச்சு, காயவிட்டு, பகல் வெளிச்சத்துல பாத்து முடிவு பண்ணுங்க. தேவையான பாக்கெட் எல்லாத்தையும் ஒரே தடவையா, ஒரே பேட்ச் நம்பர்ல வாங்குங்க. இல்லன்னா பாதி ஹால் ஒரு கலர், மீதி ஹால் இன்னொரு கலர். தண்ணி அதிகம் ஊத்திக் கஞ்சி மாதிரி கலக்க விடாதீங்க. தண்ணி கூடினா ஓட்டை கூடும், கலரும் திட்டுத் திட்டா வரும். ஒட்டின அன்னிக்கே அடைக்காம, ஒரு நாளாவது விட்டு அடைக்கச் சொல்லுங்க.

எல்லா ஊருக்கும் எங்க செம்மண் கலர் பொருந்தாது. கோவில்பட்டிப் பக்கம் கரிசல், அங்க அடர் சாம்பல் போடலாம். தஞ்சாவூர்ப் பக்கம் வண்டல், அதுக்குப் பழுப்பு கலந்த சாம்பல். கடலோரத்துல வெள்ளை மணல் மிதிக்கற வீட்டுக்கு வெளிர் கலரே சரியா இருக்கலாம். தண்ணி உப்பா இருந்தா எந்த ஊரா இருந்தாலும் கறுப்பு வேணாம்.

தீபத்துக்கு முந்தின வாரம் வேலை முடிஞ்சுது. தம்பி குடும்பத்தோட வந்தான். அன்னிக்கு மத்தியானம் வரைக்கும் தூறல். பசங்க கொல்லைக்கும் ஹாலுக்கும் ஓடி ஓடி தரை பூரா செம்மண் கால் தடம். மத்த வருஷமா இருந்தா என் வீட்டுக்காரம்மா பிரஷ்ஷும் பக்கெட்டுமா உக்காந்திருப்பாங்க, மலையில தீபம் ஏத்தற நேரத்துக்கு ஈரக் கையோட கடைசியா மாடிக்கு வருவாங்க. இந்தத் தடவை ஒரே தடவை மாப் போட்டாங்க, அகல் வெளக்கு எடுத்துட்டு எல்லாருக்கும் முன்னாடி மாடி ஏறிட்டாங்க. மேகம் கொஞ்சம் விலகினப்போ மலை உச்சியில ஒரு பொட்டு மாதிரி தெரிஞ்சுது. அம்மா நாற்காலியில உக்காந்து கும்பிட்டாங்க.

கீழ எறங்கி வந்து தம்பி தரையையே கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டு நின்னான். அப்புறம் கேட்டான், "அண்ணா, எங்க ஃபிளாட் ஏழாவது மாடி. அங்க மண்ணே கிடையாதே, நான் எதைக் கேக்கறது?"

நீங்களும் இதைத்தான் கேப்பீங்க, அதனால அவனுக்குச் சொன்னதையே சொல்றேன். ஒரு வெள்ளைத் துணியை நனைச்சு, ரெண்டு நாள் தொடைக்காத தரையை அழுத்தித் தொடைங்க. அந்தத் துணியை அலசாம அப்படியே காயப் போடுங்க. காஞ்ச துணியில என்ன கலர் இருக்கோ, அதை எடுத்துட்டுக் கடைக்குப் போங்க.